முதல் "மாட்டேன்"

அந்தக் கடையில் புதுத்துணி எதுவும் தைக்கமாட்டார்கள். நீளமான பேன்ட்டைக் குட்டையாக்குவது, இறுகிப்போன இடுப்பைப் பிரித்துவிடுவது, போன ஜிப்பை மாற்றுவது, இவ்வளவுதான் வேலை. கடைக்காரியை அந்தத் தெருவே "அக்கா" என்று கூப்பிட்டது. மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல். அதில் அவளுடைய தம்பி உட்கார்ந்து பழைய தையலைப் பிரித்துக்கொண்டிருப்பான். துணியில் ஒரு நூல்கூட அறாது. நாற்பதைத் தொடப்போகிறவன், முன்தலையில் முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. ஆனாலும் அக்காவுக்கு அவன் "சின்னவன்"தான். அம்மா இறந்தபின் குளிக்கவைத்து, தலைவாரி, ஷூ கட்டிவிடுவது வரை எல்லாமே அவள்தான். பிறவியிலேயே அவனுக்கு எதுவும் மெதுவாகத்தான் பிடிபடும். எழுத்து வரவில்லை, கணக்கு வரவில்லை. பேச்சு வந்தது. ஆனால் யார் எதைக் கேட்டாலும் "ஆமா" என்பான்.

"மழை வருமா தம்பி?"

"ஆமா."

"வெயில் அடிக்குமோ?"

"ஆமா."

வாடிக்கையாளர்கள் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். அக்கா மட்டும் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். எடுத்தாலும் அவளுக்குச் சரியாகத் தெரியாது. கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லி எத்தனையோ நாளாகிவிட்டது. "நான் கட்டுப் போட்டுப் படுத்துட்டா இவனை யாரு பாத்துக்குவா?" என்று ஒவ்வொரு முறையும் அவள் தள்ளிப்போட்டாள்.

கண் ஆஸ்பத்திரி நர்ஸ்தான் ஒரு பெண்ணை அனுப்பிவைத்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண். மனவளர்ச்சி குறைந்த பெரியவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்கு என்ன உதவி தேவை, எந்த உதவி உண்மையில் பயன்படுகிறது என்பதுதான் அவளுடைய ஆய்வு. தோளில் பை, கையில் ஒலிப்பதிவுக் கருவி, வியர்த்த நெற்றி. அக்கா தன் நாற்காலியையே அவளுக்குக் கொடுத்தாள்.

கேட்ட கேள்விக்கெல்லாம் அக்கா தயாராகப் பதில் வைத்திருந்தாள். என்ன சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான், எப்போது அழுவான். ஒரு மணி நேரம் ஓடிப்போனது. பிறகு அந்தப் பெண் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணன்கிட்டயும் கொஞ்சம் பேசலாமா அக்கா?"

"பேசேன். என்ன கேட்டாலும் ஒரே பதில்தான்."

அவள் கேள்வித்தாளைப் பார்த்து வாசித்தாள். "உங்க அன்றாட வாழ்க்கைல நீங்களே முடிவெடுக்கறதுக்குப் போதுமான வாய்ப்பு கிடைக்குதுன்னு நினைக்கறீங்களா?"

"ஆமா."

"கிடைக்கலன்னு வருத்தமா இருக்கா?"

"ஆமா."

அந்தப் பெண் தாளை மடித்துக் கைப்பையில் திணித்தாள். "இந்தக் கேள்விக்கு எனக்கே பதில் தெரியாது அண்ணா. வேற மாதிரி கேட்டுப் பாக்கறேன்" என்றாள். அண்ணா என்று தன்னைத்தான் சொல்கிறாள் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அன்றிலிருந்து அவளுக்கு "கேள்வி" என்று பெயர் வைத்துவிட்டான்.

அடுத்த வாரம் கேள்வி கட்டுக்கட்டாகப் புகைப்படங்களோடு வந்தாள். பிடித்ததை வலப்பக்கம் வைக்கவேண்டும், பிடிக்காததை இடப்பக்கம். டீ வலப்பக்கம் போனது. பஸ் வலப்பக்கம். கத்தரிக்கோல் வலப்பக்கம். சீப்பின் படம் வந்ததும் அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். பிறகு அக்காவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படத்தை மெல்லத் தன் தொடைக்கு அடியில் ஒளித்தான்.

"என்னடா இது? தினம் நான்தானே வாரிவிடறேன், ஒரு வார்த்தை சொன்னதில்லையே!" என்றாள் அக்கா.

கேள்வி மற்றப் படங்களைச் சேர்த்துக் கட்டினாள். ஆய்வில் இரண்டாம் பகுதி ஒன்று இருக்கிறது என்று சொன்னாள். ஊரின் மறுகோடியில் ஒரு வீடு எடுத்திருக்கிறார்கள். தம்பியைப் போன்றவர்கள் வெள்ளிக்கிழமை மாலை போய் ஞாயிறு வரை தங்கலாம். கூடவே ஒரு பொறுப்பாளர் இருப்பார். வீட்டில் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு இப்படி ஓய்வு கிடைத்தால் என்ன மாற்றம் வருகிறது என்று பார்க்கிறார்கள். "ஆபரேஷனுக்குக்கூட அது உதவும் அக்கா."

ஆபரேஷன் என்ற சொல்தான் அக்காவைச் சம்மதிக்கவைத்தது.

முதல் வெள்ளிக்கிழமை, தம்பியின் பையில் ஒரு மாதத்துக்கான துணி இருந்தது. அவன் வேனில் ஏறிக் கையசைத்தான். அக்கா உள்ளே வந்து மெஷினில் உட்கார்ந்தாள். அடியில் ஓடும் பாபின் நூல் தீர்ந்தது தெரியாமலே ஒரு முழுப் பேன்ட் காலையும் ஓட்டி முடித்தாள். போனை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"அழறானா?"

மறுமுனையில் பொறுப்பாளர் சிரித்தார். முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவர், எதற்கும் பதறாத குரல். "இல்லம்மா. பாத்திரம் கழுவிட்டிருக்காரு."

"யாரு, அவனா? அவன் சோப்புத் தண்ணில விரலைக்கூட வைக்கமாட்டானே!"

"முழங்கை வரைக்கும் வச்சிருக்காரு."

ஞாயிற்றுக்கிழமை சொன்ன நேரத்துக்கு வெகுமுன்பே அங்கே போய் நின்றாள். சாதாரண வீடு. வாசலில் செருப்புகள், கொடியில் துண்டுகள். உள்ளே தம்பி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு மெலிந்த இளைஞன் ஓயாமல் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தான். அங்கே எல்லோரும் அவனை "ரேடியோ" என்றார்கள்.

"சின்னவனே, வா, வீட்டுக்குப் போகலாம்."

அவன் நிமிரவில்லை. துடைப்பதையும் நிறுத்தவில்லை.

"மாட்டேன்."

அக்காவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று இருந்தது. பிறந்ததிலிருந்து அவன் வாயில் அந்தச் சொல் வந்து அவள் கேட்டதில்லை. "என்ன சொன்னே?"

"மாட்டேன். ஈரமா இருக்கு. மிதிக்காத."

கடைசியில் கையைப் பிடித்து இழுக்காத குறையாகத்தான் கூட்டிவந்தாள். பஸ்ஸில் வழியெல்லாம் அவன் அழுதான். பக்கத்து இருக்கைக்காரர்கள் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். கடைக்குள் நுழைந்ததும் அவள் கேள்விக்குப் போன் போட்டாள். "உன் ஆய்வும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ரெண்டே நாள்ல என் தம்பியை எனக்கு ஆகாதவனா ஆக்கிட்டீங்க."

அதற்குப் பிறகு ஸ்டூல் காலியாகவே கிடந்தது. தம்பி உள்ளறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டான். "ஆமா" மட்டும் காணாமல் போயிருந்தது. அவள் சீப்பை எடுத்தபோது தலையை நகர்த்திக்கொண்டான்.

சில நாள் கழித்துக் கேள்வி வந்தாள். பையிலிருந்து எதையும் எடுக்காமல் நின்றபடியே பேசினாள்.

"உங்களைச் சமாதானப்படுத்த வரல அக்கா. வேண்டாம்னா வேண்டாம்தான், நீங்க சொன்னதை எல்லாம் அழிச்சிடறேன். ஆனா அண்ணன் சொன்னது அவரோடது. அதை வச்சுக்கறதா அழிக்கறதான்னு அவர்தான் சொல்லணும். கேக்கட்டுமா?"

அக்காவுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

கேள்வி அறை வாசலிலேயே குந்தினாள். "அண்ணா, படமெல்லாம் அடுக்கினீங்கல்ல? அந்த வீட்டுல இருந்தீங்கல்ல? அதை நான் வச்சுக்கவா, தூக்கிப் போட்டுடவா?"

அவன் யோசித்தான். வெகுநேரம் யோசித்தான். தெருவில் ஒரு லாரி பின்வாங்கி, திரும்பி, போய்விட்டது.

"வச்சுக்க" என்றான்.

அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அக்கா கடையின் பாதிக் கதவை இழுத்து மூடினாள். உள்ளறைக்குப் போய்த் தரையில் அவன் எதிரே உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் அவன் யோசித்து அவள் பார்த்ததில்லை. யோசிக்க அவள் விட்டதே இல்லை. எந்தக் கேள்வி வந்தாலும் அவன் வாயைத் திறப்பதற்குள் அவளே பதிலைச் சொல்லி முடித்திருப்பாள்.

"அங்க என்னடா பிடிச்சுது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். காத்திருப்பது அத்தனை கஷ்டம் என்று அவளுக்குத் தெரியாது. டீயா, டிவியா, ரேடியோவா என்று எடுத்துக்கொடுக்க நாக்கு துறுதுறுத்தது.

"ரேடியோக்கு ஷூ கட்டத் தெரியாது" என்றான் அவன்.

"ம்."

"நான் கட்டிவிட்டேன்."

"உனக்குக் கட்டத் தெரியுமா?"

"தெரியும்." சற்றுப் பொறுத்துச் சொன்னான். "நீ கட்டிவிடறே. அதான் நான் கட்டறதில்ல."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவன் நிறுத்தவில்லை. "அங்க நான் பெரியவன்."

"இங்க?"

"இங்க சின்னவன்."

அவள் எழுந்துபோய்க் குழாயைத் திறந்தாள், முகம் கழுவினாள், மூடினாள். திரும்பி வந்தபோது மனதில் உறுத்திக்கொண்டிருந்த ஒன்றையும் கேட்டுவிட்டாள். "அப்ப நான் உனக்கு வேண்டாமாடா?"

அவன் அவளை விசித்திரமாகப் பார்த்தான். இவ்வளவு சுலபமான கேள்வியை யாராவது கேட்பார்களா என்பது போல.

"நீ அக்கா" என்றான்.

மறுநாள் அவளே கேள்விக்குப் போன் செய்தாள். கண் ஆஸ்பத்திரிக்கும் செய்தாள்.

அவள் கட்டுப் போட்டுப் படுத்திருந்த நாட்களில் தம்பி அந்த வீட்டில் இருந்தான். டிஸ்சார்ஜ் அன்று பொறுப்பாளரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தான். தலையைத் தானே வாரியிருந்தான். வகிடு பாம்பு போன பாதையாக வளைந்திருந்தது. அக்காவின் கை தானாக எழுந்தது. பாதியில் அதைப் பிடித்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"நல்லாருக்கா?" என்றான்.

"ஒத்தைக் கண்ணுல பாக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு."

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதைப் பொறுப்பாளர் அவனுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். பச்சை மூடி காலையில், வெள்ளை மூடி ராத்திரி. முதல் சொட்டு மூக்கில் விழுந்தது, அடுத்தது காதுப்பக்கம் ஓடியது. "கண்ணு இங்கடா!" என்று அவள் கத்த, "ஆடாத!" என்று அவன் அதட்ட, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரிப்பை அடக்கமுடியாமல் வெளியே போய்விட்டாள். வீட்டுக்கு வந்தபின் ஒருநாள்கூட அவன் மருந்தை மறக்கவில்லை. மறந்தது அவள்தான். அவன் கூப்பிட்டு உட்காரவைத்தான்.

ஆய்வு முடியும் தறுவாயில் கேள்வி கடைக்கு வந்து தன் ஆய்வில் இருந்த குறையைச் சொன்னாள். "அந்த வீடு உங்களுக்கு ஓய்வு தரத்தான் ஆரம்பிச்சோம் அக்கா. நீங்க எவ்வளவு தூங்கினீங்க, முதுகுவலி குறைஞ்சுதான்னு எல்லாம் கேட்டோம். அங்க போய்த் தங்கறவங்களுக்கு என்ன கிடைச்சுதுன்னு கேக்கவே தோணல. இப்ப அதையும் சேர்த்து எல்லா வீட்டுக்கும் திரும்பப் போயிட்டிருக்கேன்."

"நல்லாப் போ. சின்னச் சின்னதா கேளு. கேட்டுட்டு வாயை மூடிக்கோ" என்றாள் அக்கா. "அதுதான் பெரிய பாடு."

ஆய்வோடு வீடும் முடிந்துவிடுமோ என்று எல்லாக் குடும்பங்களும் பயந்தன. நகராட்சி அலுவலகத்தில் கூட்டம் வைத்தார்கள். அக்கா தம்பியோடு போனாள், ரேடியோவின் அப்பா வந்தார், கேள்வி தன் முடிவுகளை எடுத்துச் சொன்னாள். அதிகாரி தம்பியைப் பார்த்து, "வீடு தொடர்ந்து நடக்கணும்னு விரும்பறீங்களா?" என்று கேட்டார். "ஆமா" என்றான் தம்பி. அக்காவுக்குப் பகீரென்றது. இவனுடைய ஆமாவுக்கு என்ன மதிப்பு என்று கேட்டுவிட்டால்? கேள்வி குறுக்கிட்டாள். "இன்னொரு தடவை மாத்திக் கேளுங்க சார். வீட்டை மூடிடலாமான்னு."

அதிகாரி கேட்டார்.

"கூடாது" என்றான் தம்பி. "ரேடியோ எங்க போவான்?"

இன்னும் ஒரு வருஷத்துக்கு வீடு நடக்கும் என்று முடிவானது. அதன்பின் என்ன என்று யாருக்கும் தெரியாது. இப்போதைக்கு வாரத்தில் பாதி அங்கே, பாதி கடையில் என்று ஆனது. அவன் இல்லாத மாலைகளில் அக்கா என்ன செய்வது என்று தெரியாமல் தெருவைச் சுற்றினாள். பிறகு எதிர்க்கடைக்காரியோடு நீச்சல் பழகப் போனாள். இன்னும் மிதக்க வரவில்லை.

போன வாரம் அவன் கிளம்பும்போது சொன்னான். "கூட்டிட்டுப் போக வராத. நானே பஸ்ல வரேன்." பொறுப்பாளர் அவனோடு பலமுறை போய்வந்து பழக்கியிருந்தார். அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள், சரி என்றாள்.

வரவேண்டிய பஸ் வந்தது. அவன் இறங்கவில்லை. அடுத்ததும் வந்து போனது. அவள் கடை வாசலைப் பெருக்கினாள். பெருக்க ஒன்றுமில்லை, ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. அந்த வீட்டுக்குப் பேசப் போனை எடுத்தபோது தெருமுனையில் அவன் தெரிந்தான். எதிர்ப்பக்கத்திலிருந்து, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, முகமெல்லாம் கடுப்போடு நடந்துவந்தான்.

"டிரைவர் நிறுத்தல!" என்றான் வந்ததும். "நான் பெல் அடிச்சேன். அடுத்த ஸ்டாப்புல இறக்கிவிட்டான். திட்டிட்டு வந்தேன்."

"நீ திட்டினியா? என்னன்னு திட்டினே?"

"காது கேக்காதான்னு."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. துடைப்பத்தை மூலையில் சாத்தினாள்.

"கால் வலிக்குது. டீ போடு" என்றான் அவன். பிறகு என்ன நினைத்தானோ, "இரு, நானே போடறேன்" என்று உள்ளே போனான்.