ஒரே பெயரில் ஒரு வகுப்பு

திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை லீவையும் விட்டுவிட்டு, ராசிபுரம் தாண்டி இருக்கும் அந்த மெட்ரிக் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்திருந்தாள் உஷாராணி டீச்சர். மவுஸை உள்ளங்கைக்குள் அமுக்கிப் பிடித்திருந்தாள். விட்டால் ஓடிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

"அழுத்தாதீங்க மேடம், அதுவா வரும்" என்றான் நவீன்குமார். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசப் பழக்கும் இணையதளத்தைப் பள்ளிக்கு விற்ற கம்பெனி, டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்க அவனை அனுப்பியிருந்தது. நல்ல பையன்தான். ஆனால் அவன் வேகத்துக்கு அவள் கண் ஈடுகொடுக்கவில்லை. ஒரு பக்கத்தைத் திறந்தான், அதற்குள் இன்னொன்று. வினாடி வினா இங்கே, உச்சரிப்புக்கு மார்க் அங்கே, ரிப்போர்ட் வேறெங்கோ. அவள் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் முதலில் திறந்தது எங்கே போனதென்றே தெரியவில்லை.

"புரிஞ்சுதுங்களா?"

"புரிஞ்சுதுங்க" என்றாள். ஒரு மண்ணும் புரியவில்லை. வகுப்பில் பிள்ளைகளும் தன்னிடம் இப்படித்தான் தலையாட்டுகிறார்களோ என்று முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

தாளாளர் செங்கோட்டையன் கறாராகச் சொல்லியிருந்தார். பருவம் முடிவதற்குள் ஏழாம் வகுப்பு முழுவதும் அந்தத் தளத்தில் பேசிப் பழகியிருக்க வேண்டும். பழக்க முடியாதவர்களுக்கு இனி இங்கிலீஷ் வகுப்பு கிடையாது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து உஷாராணிக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை, தளத்தில் பேசிப் பழகச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுத்துப் பார்த்தாள். மறுநாள் யாரும் செய்து வரவில்லை. ஜோதி எழுந்து நின்றாள். வகுப்பில் வாயே திறக்காத பெண்.

"எங்கூட்ல போன் இல்லீங்க மிஸ். அப்பா லாரில எடுத்துட்டு நாக்பூர் போயிட்டாருங்க."

"எப்ப வருவாரு சாமி?"

"லோடு கெடைச்சாத்தான் வாரேன்னாருங்க."

வகுப்பு முழுக்க அதே கதைதான். அப்பன்மார் லாரியிலோ, போர்வெல் போடும் ரிக் வண்டியிலோ இருந்தார்கள். வீட்டிலிருந்த ஒரே நல்ல போனும் அவர்களோடு ஊர் ஊராகச் சுற்றியது. பள்ளிக் கம்ப்யூட்டர்களோ பத்தாம் வகுப்புக்கே போதவில்லை. சரி, தன் போனிலேயே பேச வைத்துவிடலாம் என்று தீர்மானித்து, நவீன்குமாருக்குப் போன் போட்டாள்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி லாகின் போடணும் மேடம். டேஷ்போர்டுல இருக்கு பாருங்க" என்றான். அவசரத்தில் இருந்தான்போல, வைத்துவிட்டான். டேஷ்போர்டு என்றால் ஸ்டியரிங்குக்கு முன்னால் சாமி படம் ஒட்டுகிற இடம் என்றுதான் அவள் ஊருக்கே தெரியும். மேலும் கீழும் தள்ளித் தேடினாள். எதையோ அழுத்தினாள், எழுத்தெல்லாம் இந்திக்கு மாறிக்கொண்டது. அதைத் திருப்பிக் கொண்டுவரவே அரை நாள் போய்விட்டது. பேசினால் போதாதா, இத்தனை தெரிந்த மெஷினுக்கு எது யார் குரல் என்று தெரியாமலா போகும் என்று தன் லாகினிலேயே பேசவிட்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். சரியாகச் சொன்னால் போன் கைதட்டியது. தவறினால் சிவப்பு காட்டியது. தட்டுத்தடுமாறிச் சொன்னார்கள், சிரித்தார்கள், மறுபடி வரிசையில் நின்றார்கள். ஜோதி ஒரு முழு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிக் கைதட்டு வாங்கிய அன்று உஷாராணிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியொரு சந்தோஷம்.

பருவக் கடைசியில் தாளாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நவீன்குமாரும் நின்றிருந்தான். செங்கோட்டையன் திரையை அவள் பக்கம் திருப்பினார். ஏழாம் வகுப்பில் ஒருவரும் பயன்படுத்தவில்லை என்றிருந்தது. கீழே, உஷாராணி, ஆரம்ப நிலை. எளிய சொற்களிலிருந்து கற்பிக்க வேண்டும்.

"என்னங்க டீச்சர் இது?"

"அது நான் பேசலீங்க சார். பிள்ளைங்க பேசினது. என்ர போன்ல..."

"பேரு உங்க பேருதான போட்டிருக்குது?"

"பேரு என்ர பேருதானுங்க. கொரலு அவங்களுதுங்க."

"அப்ப உங்க லாகினை அவங்களுக்குக் குடுத்தீங்களா? குடுக்கக் கூடாதுன்னு சொல்லலியா தம்பி?"

"சொன்னேன் சார்" என்றான் நவீன்குமார், தரையைப் பார்த்துக்கொண்டு.

பிள்ளைகள் பேசியது என்றால் விதியை மீறியவள். தானே பேசியது என்றால் இங்கிலீஷ் தெரியாதவள். இரண்டில் எதை ஒப்புக்கொள்வது என்றே அவளுக்குப் பிடிபடவில்லை.

செங்கோட்டையன் குரலை உயர்த்தவில்லை. "உங்க நல்லதுக்குத்தானுங்க சொல்றேன். அது சொல்ற பாடத்தை முடிச்சுட்டு வாங்க. வகுப்பை அப்பறம் பாத்துக்கலாம்."

அடுத்த திங்கட்கிழமை கம்ப்யூட்டர் அறையில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே, அவளுக்கென்று ஒரு கம்ப்யூட்டரை ஒதுக்கியிருந்தார்கள். எல்லாரும் ஏழாம் வகுப்பில் அவளிடம் இங்கிலீஷ் படித்தவர்கள். உஷாராணி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். திரையில் ஒரு பழத்தின் படம் வந்தது.

"திஸ் ஈஸ் அன் ஆப்பிள்" என்றாள் மெதுவாக.

சிவப்பு. சத்தமாகச் சொல்லவும் என்றது. தான் சொன்னது தப்போ என்று ஒரு நிமிஷம் அவளுக்கே குழப்பமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வகுப்பில் பாடம் நடத்தும் குரலில், கடைசி பெஞ்சுக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னாள். பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த விரல்கள் ஒவ்வொன்றாக நின்றன. பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. அவள் பக்கம் திரும்பாமல், எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.