வெர்னா நீட்டாத துப்பாக்கி

வெர்னாவுக்கு வேலை, மாட்டுப்பண்ணைகளில் பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது. கென்டக்கியின் மேற்கு மூலையில் ஆளரவமில்லாத சாலைகளில் தனியாக வண்டியோட்டிப் போக வேண்டிய பிழைப்பு. அதனால் சட்டைக்கு உள்ளே, இடுப்பில் எப்போதும் ஒரு கைத்துப்பாக்கி. அதைப் பற்றி யாரிடமும் பேச மாட்டாள்.

வெள்ளிக்கிழமை பெட்ரோல் பங்கில் ஒருவன் அவளிடம் வம்புக்கு வந்தான். வரிசையில் அவன் அவளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தான். ஆனாலும் அவள் குறுக்கே புகுந்துவிட்டதாகக் கத்தினான். வாயில் வந்த வசவெல்லாம் கொட்டிவிட்டு, கையிலிருந்த கோலாவை அப்படியே அவள் நெஞ்சில் வீசினான்.

வெர்னா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள். ஒன்றில் காலி தம்ளர், மற்றதில் சாவிக்கொத்து. அவனுக்குப் பின்னால் காரில் ஒரு குழந்தை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தது. இடுப்புப் பக்கம் போகத் துடித்த தன் கையை நெஞ்சுயரத்தில் விரித்துக் காட்டினாள்.

"மன்னிச்சுக்குங்க. நீங்களே முதல்ல போட்டுக்குங்க, நான் கிளம்பறேன்" என்று பின்னோக்கி நடந்து வண்டியேறினாள்.

செய்யாத தப்புக்குக் கேட்ட மன்னிப்பு இரண்டு நாளாகத் தொண்டையில் முள்ளாக நின்றது. அந்த முள்ளைத்தான் ஞாயிற்றுக்கிழமை ராய்ஸ் கிளறினான்.

ராய்ஸ், அவள் தங்கை லீட்டாவின் கணவன். மாதா கோயிலில் பூசை முடிந்ததும் மூவரும் புகையில் வாட்டிய ஆட்டுக்கறிக்குப் பேர்போன கடையில் உட்கார்ந்திருந்தார்கள். எந்தக் கடைக்குப் போனாலும் அவன் சுவரில் முதுகைச் சாய்த்து வாசலைப் பார்த்துத்தான் உட்காருவான். வருகிறவன் போகிறவனை எல்லாம் கண்ணால் சோதிப்பான்.

"என்ன அம்மணி, மேல கோலா ஊத்தினவனுக்கு சாரி சொல்லிட்டு வந்தீங்களாமே?" பக்கத்து மேசைக்கும் கேட்கிற குரல். "இடுப்புல வெச்சிருக்கீங்களே, அது என்ன? நகையா?"

"சட்டை நனைஞ்சுது, ராய்ஸ். துவைச்சுக் காயப் போட்டேன். அதுக்கு ஒருத்தனைச் சுடச் சொல்றியா?"

"சுட வேணாம். லேசா சட்டையைத் தூக்கிக் காட்டியிருந்தா போதும். வாலைச் சுருட்டிட்டு ஓடியிருப்பான்."

"ஓடலைன்னா? அவன் கார்லயும் ஒண்ணு இருந்தா? பின்னாடி குழந்தை உக்காந்திருந்துது, அது எங்க ஓடும்?" வெர்னாவின் காது மடல்கள் சிவந்தன. "துப்பாக்கியை இடுப்புல கட்டிக்கிட்டவளுக்குக் கோவப்பட உரிமை இல்லடா. சண்டையில தோத்துட்டு வீடு வந்து சேரணும்."

"பயந்தாங்கொள்ளிப் பேச்சு. என்னைப் பாரு, எப்பவும் உஷாரா இருப்பேன்" என்று சிரித்தபடி எழுந்து கழிப்பறைக்குப் போனான். லீட்டா தலையைக் குனிந்து சோளரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவன் சாஸ் புட்டிக்காக எக்கினான். சட்டை மேலேறியது. பெல்ட்டில் அவனுடைய துப்பாக்கியின் தோல் உறை தெரிந்தது. உறை காலி.

கழிப்பறையில் வைத்துவிட்டு வந்திருக்கிறான் என்று வெர்னாவுக்குப் புரிந்தது. அந்தக் கடையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கழிப்பறை ஒன்றுதான். திரும்பிப் பார்த்தாள். ஒரு பெண் தன் சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். வெர்னா எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

"ஒரு நிமிஷம்! நான் முதல்ல போயிடறேன்."

"குழந்தைக்கு அவசரம்ங்க, தெரியலையா?"

வெர்னா அவளை இடித்துக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டாள். தண்ணீர்த் தொட்டியின் மூடிமேல், சோப்புக்கட்டி மாதிரி அது கிடந்தது. குண்டு ஏற்றியபடியே. குழந்தை கைக்கு எட்டுகிற உயரம். தோட்டாக்களைக் கழற்றி, உள்ளே ஒன்றும் இல்லை என்று இரண்டு முறை பார்த்து, கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"வயசாயிடுச்சே தவிர இங்கிதம் வரல" என்றாள் அந்தத் தாய். வெர்னா அதையும் வாங்கிக்கொண்டாள்.

"வெளிய வா" என்று ராய்ஸை வண்டிகள் நிற்கும் இடத்துக்கு இழுத்துப் போனாள். பையைத் திறந்து காட்டியதும் அவன் கை தானாக இடுப்பைத் தடவியது. முகம் வெளுத்தது. ஆனால் வாய் அடங்கவில்லை.

"யாரும் தொடலையே! ஏன் ஊரைக் கூட்டறே? குடு."

"தொடலையா? ஒரு சின்னப் பொண்ணு கதவுகிட்ட நின்னுட்டிருந்தா! வாசலையே முறைச்சுப் பார்த்துட்டிருந்தியே, எந்த எதிரிடா வந்தான்? ஆபத்தை நீதான் கொண்டாந்து உள்ள வெச்சுட்டு வந்திருக்கே!"

பின்னாலேயே வந்திருந்த லீட்டா கையை நீட்டினாள். "என்கிட்ட குடு, வெர்னா. சாவியும் குடுங்க ராய்ஸ், நான் ஓட்டறேன்."

"லீட்டா, அது என்னோடது."

"தெரியும். ஏறுங்க."

லீட்டா துப்பாக்கியை வண்டியின் பின்பெட்டியில் பூட்டி, தோட்டாக்களைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே தீவனக் கடைக்காரர் வெர்னாவைப் பார்த்து நமட்டுச் சிரிப்புச் சிரித்தார். "கோலாவுக்குப் பயந்த ஆத்திரத்துல தங்கச்சி புருஷனோட துப்பாக்கியைப் பிடுங்கிட்டியாமே? ராய்ஸ் சொன்னான்."

வெர்னா தீவன மூட்டையைத் தரையில் போட்டாள். கடையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, கழிப்பறைத் தொட்டியிலிருந்து தொடங்கி நடந்ததைச் சொன்னாள். கடைக்காரரின் சிரிப்பு நின்றது. அவள் கோபம் மட்டும் வீடு போய்ச் சேரும்வரை ஆறவில்லை.