ரோசி என்ற பெயரில் பாடியவள்

மலாக்கா பட்டணத்தில் அந்தக் காலத்து நடன இசைக்குழுக்களைப் பற்றிக் கண்காட்சி என்று கேள்விப்பட்டு, கலைமகள் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். மீனம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது. கண்காட்சி நடந்த கடைவீட்டு மாடியில் ஓர் இசைத்தட்டுக்குக் கீழே, '1960. ஜாஸ் பாடல். பாடியவர் ரோசி, குழுத் தலைவரின் மனைவி' என்று எழுதியிருந்தது.

மீனம்மா அதை இரண்டு முறை படிக்கச் சொன்னாள். பிறகு, "அந்தம்மாவுக்குப் பாடவே வராது. பாடினது நான்" என்றாள்.

கலைமகள் திகைத்துப் போனாள். அம்மா வாய்விட்டு ஒரு வரி பாடி அவள் கேட்டதில்லை.

மீனம்மாவின் அப்பா பிச்சைமுத்து, புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டத்தில் துரைமார் கிளப்புக்குச் சமையல்காரர். கிளப்பில் சுழன்ற தட்டுகளைக் கேட்டே அவள் ஆங்கிலப் பாட்டுகளைப் பிடித்துக்கொண்டாள். நடனத்துக்கு வாசிக்க வந்த இசைக்குழுவின் தலைவர், ஐரோப்பியக் கலப்புள்ள யுரேசியர், அவளைப் பாட வைத்தார். தமிழ்ப் பெயர் மேடைக்கு ஆகாது என்று ரோசி ஆக்கினார். சிங்கப்பூரில் அந்த ஒரு தட்டு பதிவானது. பிறகு மீனம்மாவுக்குக் கல்யாணம். வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்றார் கணவர். அவர் போய்ப் பதினோரு வருஷமாகியும் அவள் பேசவில்லை.

கண்காட்சியை நடத்திய திவாகர் மரியாதையாகத்தான் கேட்டான். "குழுத் தலைவரோட குடும்பம் எழுதிக் குடுத்ததும்மா இது. அப்போ பார்த்தவங்க யாராச்சும் ஒருத்தர் சொன்னா போதும், போர்டை மாத்திடுறேன்."

உயிரோடிருப்பது ஒருத்திதான். மீனம்மாவின் அக்கா ஜெயமணி, மெர்லிமாவில்.

அன்று மத்தியானமே போனார்கள். ஜெயமணி சமையற்கட்டில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை சொன்னா போதும்லா பெரியம்மா," என்றாள் கலைமகள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது."

"நான் மேடைக்குப் போட்ட பச்சை கவுனைத் தைச்சுக் குடுத்ததே நீதானே அக்கா," என்றாள் மீனம்மா.

"தைச்சேன். அதுக்குத்தான் நல்லாக் கிடைச்சுதே." ஜெயமணி கலைமகள் பக்கம் திரும்பினாள். "செர்காம்லேருந்து எனக்கு வாத்தியார் மாப்பிள்ளை வந்தாரு. தேதி குறிச்சாச்சு. கல்யாணம் முடியிற வரைக்கும் பாடப் போகாதம்மான்னு எங்கப்பா இவகிட்ட கையெடுத்துக் கும்பிட்டாரு. ரெண்டே மாசம். கேக்கலை. சிங்கப்பூருக்கே போனா. ஆட்டக்காரி வீட்டுப் பொண்ணு வேணாம்னு தாம்பூலத் தட்டைத் திருப்பிட்டாங்க. அப்புறம் மூணு பிள்ளை வச்சிருந்தவருக்கு ரெண்டாந்தாரமாப் போனேன். முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினேன்."

மீனம்மா ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினாள். "அன்னைக்கு நான் போகலைன்னா வேற ஆளை வச்சுப் பதிஞ்சிருப்பாங்க அக்கா."

"பதியட்டுமே. இப்ப போர்டுல இருக்கிறது வேற ஆளு பேருதானே."

கலைமகள் விடவில்லை. திவாகரே கேட்டால் மனம் இளகும் என்று நினைத்து அவனை ஃபோனில் பிடித்து, பெரியம்மா காதருகே வைத்தாள்.

"தம்பி, என் தங்கச்சி பாடினதே இல்ல," என்றாள் ஜெயமணி நிதானமாக. "வயசாயிடுச்சு. ஏதோ பேசுறா. மனசுல வச்சுக்காதீங்க."

ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சோறு வடிச்சிருக்கேன், சாப்பிட்டுப் போங்க," என்றாள். யாரும் சாப்பிடவில்லை.

காரில் கலைமகளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. யார் மேல் என்று அவளுக்கே தெளிவில்லை. ஜாசின் வரை வந்த பிறகு கேட்டாள். "நீங்க ஒரு தடவையாச்சும் பெரியம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களாம்மா?"

"கேட்டா நான் போனது தப்புன்னு ஆயிடும்," என்றாள் மீனம்மா. "தப்பு இல்ல."

போர்டு மாறவில்லை. அடுத்த மாதம் குழுத் தலைவரின் பேத்தி வந்து அந்தத் தட்டின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். கலைமகள் அதைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, அம்மா கண்ணில் படாமல் மடித்து வைத்தாள்.