மொக்கைச்சாமி வாங்கிய திட்டு

வேடசந்தூர் ரோட்டில் உடையப்பன் முதலாளியின் நூல் மில்லில் முத்துக்கிருஷ்ணனுக்குப் பெர்சனெல் ஆபீசர் வேலை. ஆனால் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மனைவி மாலதியைப் பெண் கேட்டபோது ‘பர்மனெண்ட்’ என்று சொல்லித்தான் கேட்டார்களாம். மாமனாருக்கு இன்றுவரை விஷயம் தெரியாது. நமக்கெதற்கு அது?

தொழிலாளியை எப்படி மேய்ப்பது என்பதற்கு முதலில் இங்கிலாந்துக்காரன் புத்தகம் இருந்தது: விசில் ஊது, கடிகாரத்தைப் பார். பிறகு அமெரிக்காக்காரன் வந்து, தோளில் தட்டிக்கொடு என்றான். எண்பத்தாறில் பெங்களூருக்குப் பயிற்சிக்குப் போன முத்துக்கிருஷ்ணன் ஜப்பானோடு திரும்பி வந்தான். எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும், முதலாளி உட்பட. யாருடைய குறையையும் முகத்துக்கு நேராகச் சொல்லலாம். ‘தரவட்டம்’ என்று பலகையில் எழுதியும் மாட்டினான்.

வட்டம் கூடியது, டீ குடித்தது, கலைந்தது. குறை கேட்டால், “மொதலாளி புண்ணியத்துல நல்லாருக்கோம் சார்” என்றார்கள். இத்தனைக்கும் நூலைச் சிட்டம் போடும் ரீலிங் செக்‌ஷனில் ஓடிய பெரிய ஃபேனைக் கழற்றி, முதலாளி தம் மருமகனின் அறையில் மாட்டியிருந்தார். சித்திரை வெயிலில் பெண்கள் அங்கே வெந்துகொண்டிருந்தார்கள். பேகம்பூர் வரைக்கும் தெரிந்த சங்கதி அது. வட்டத்துக்கு மட்டும் தெரியவில்லை.

ஸ்பின்னிங் அழகர்சாமியைத் தனியே பிடித்தான். “பளிச்சுன்னு சொல்ல வேண்டியதுதானேய்யா?”

“மூஞ்சிக்கு நேராவா? எங்கள என்னா, மருவாதி தெரியாதவய்ங்கன்னு நெனச்சீகளா சார்?”

அந்த நேரம் பார்த்து, பல நாட்டு மில்களை ஒப்பிட்டு ஆராய்ச்சி செய்யும் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் வட்டத்தைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. முதலாளி கூப்பிட்டனுப்பினார்.

“தம்பி, அந்தாளு முன்னாடி எவனாச்சும் வாயத் தொறந்து கொறை சொல்லணும். இல்லாட்டி நீ பொட்டியக் கட்டிர வேண்டியதுதான்.”

“ஃபேனப் பத்தி ஏதும் பேசிட்டா...”

“எந்த ஃபேனு?” என்றார் முதலாளி.

பேராசிரியர், மதுரையில் பிடித்த மொழிபெயர்ப்பாளரோடு வந்து வட்டத்துக்குள் உட்கார்ந்தார். அவரவர் கால்விரலை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முத்துக்கிருஷ்ணனுக்குச் சட்டை நனைந்துவிட்டது. அப்போது டீத்தூக்கோடு மொக்கைச்சாமி உள்ளே வந்தான். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவன். ரீலிங் ஜக்கம்மாள் அவன் பக்கம் திரும்பினாள்.

“ஏலே மொக்கை! பொண்டாட்டி தலைக்கு மேல ஓடுன ஃபேனக் கழட்டி மருமகன் ரூமுல மாட்டுனியாமே? அவ வெக்கையில அவிஞ்சு போறா. நல்லாருப்பியாடா நீ?”

மொக்கைச்சாமி அசரவில்லை. தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். திட்டு யாருக்கு, வாங்க நிற்பது யார் என்பது அந்த ஊரில் பிறந்தவனுக்குத் தெரியாதா?

“சாம்பார்ல பருப்பத் தேடி ஒம் புள்ளைக முங்கி எந்திரிக்குதுகளாம்ல?” இது, மில் கேண்டீனில் சாப்பிடும் பாண்டிச்செல்வி.

“ராத்திரி வேலை முடிஞ்சு வாரவகளுக்கு வண்டிய நிப்பாட்டிட்டியாம். நீயெல்லாம் ஒரு குடும்பத் தலைவன்!” அழகர்சாமிக்கே வாய் திறந்துவிட்டது.

முதலாளிக்குக் காது சிவந்தது. அவரும் மொக்கைச்சாமியைத்தான் பார்த்தார். “ஏலே, மருமகன்னா கேக்கத்தான்டா செய்வான். சரி சரி, நாளைக்கே ஃபேன எடுத்த எடத்துல மாட்டு. பருப்பையும் செத்தக் கூடப் போடு. வண்டியப் பத்தி அப்பறம் பாப்போம்.”

எல்லாவற்றையும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்ட பேராசிரியர், யார் இவர் என்று விசாரித்தார். டீ கொடுப்பவர் என்றார்கள். அவர் கண்கள் பளபளத்தன. ஜப்பானில்கூட இப்படிப் பார்த்ததில்லையாம்: அத்தனை பேரும் டீக்காரரிடம் முறையிடுகிறார்கள், முதலாளியே தம் யோசனைகளை அவரிடம்தான் சொல்கிறார், நிர்வாகத்தின் உச்சியில் இங்கே டீக்காரர்! முத்துக்கிருஷ்ணன் விளக்க வாயெடுத்தான். முதலாளி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். பேராசிரியர் இரண்டு கையாலும் முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் ரீலிங்கில் ஃபேன் சுற்றியது. முதலாளி அறையில் முத்துக்கிருஷ்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். டீ கொண்டுவந்த மொக்கைச்சாமியிடம் முதலாளி சொன்னார்: “ஏலே, ஒன் வேலைய நிரந்தரம் பண்ணியாச்சு. ஆனா அந்த வட்டத்த மட்டும் இன்னையோட கலைச்சுப்புடு.”

“ரொம்ப நன்றிங்க...” என்று முத்துக்கிருஷ்ணன் ஆரம்பித்தான். முதலாளி காலண்டரைப் பார்த்தார். அவனுக்குப் பட்டென்று புரிந்தது. திரும்பி, “ஏய்யா மொக்கைச்சாமி, ஆர்டர் எப்பக் கையில வருமாம்?” என்று கேட்டான்.

“திங்கக்கெழமை வந்து வாங்கிக்கடா மொக்கை” என்றார் முதலாளி.

வெளியே வந்ததும் மொக்கைச்சாமி அவன் சட்டைக்கையைப் பிடித்தான்.

“சார், திட்டு எனக்கில்லன்னு எனக்கே தெரியும். இந்த வேலையாச்சும் எனக்குத்தானே?”