அமுக்காத கடிகாரம்

மூன்று நாளில் ஆறு ஆட்டம். இடுப்பு என்னுடையதாகவே இல்லை. பள்ளிக்கூட அரங்கில் போட்டிருந்த அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்டுபிடித்தவன் சத்தியமாக செஸ் ஆடியிருக்க மாட்டான்.

பத்தொன்பது வருஷமாக லீவு போட்டுவிட்டு ஊர் ஊராகப் போய் ஆடுகிறேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவனுக்கு இது தேவையா என்று கேட்காத ஆள் இல்லை. என் ரேட்டிங் ஆயிரத்து எண்ணூறைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. இரண்டு முறை வாசல் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். தாண்டினாலும் தாண்டாவிட்டாலும் இதுதான் கடைசிப் போட்டி என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். எனக்கும் அலுத்துவிட்டது.

கடைசிச் சுற்றில் ஜெயித்தால் தாண்டிவிடலாம். எதிராளி யாரென்று சுவரில் ஒட்டியிருந்த பட்டியலில் தேடினேன். என் மச்சான், மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். காலையில் ஒரே சோப்பில் குளித்துவிட்டு வந்தவர்கள் நாங்கள்.

"விட்டுக் கொடுப்பேன்னு கனவு காணாத மாப்ள" என்றார்.

"நான் கேட்டனா மச்சான்?"

விட்டுக் கொடுக்கவும் இல்லை. மூன்று மணி நேரத்தில் என் யானையை மூலையில் முடக்கிப் போட்டார். நான் தோற்றுக்கொண்டிருந்தேன். அப்போது குதிரையை நகர்த்தி, தாளில் எழுதி, இரண்டு கையாலும் தலையைத் தாங்கியபடி கண்ணை மூடிக்கொண்டார். கடிகாரத்தை அமுக்கவில்லை. அமுக்கினால்தான் அவர் நேரம் நின்று என் நேரம் ஓடும். நான் யோசிக்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்க, அவருக்கு மிச்சமிருந்த பதினோரு நிமிஷம் கரைந்துகொண்டிருந்தது. அது தீர்ந்தால் ஆட்டம் எனக்கு.

சொல்லியாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் ஆடும்போது எங்களுக்குள் ஒரு பழக்கம். ஒருவர் அமுக்க மறந்தால் மற்றவர் தொண்டையைக் கனைப்பார். அவர் எனக்காக எத்தனையோ முறை கனைத்திருக்கிறார்.

எனக்கு உண்மையிலேயே தொண்டை கரகரத்தது. பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து அடக்கினேன். நெற்றியைச் சுருக்கி, பலகையை முறைத்து, பெரிய யோசனையில் இருப்பதாக நடித்தேன். எனக்கே கேவலமாக இருந்தது. ஆனாலும் கனைக்கவில்லை.

கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டேன். மச்சான் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் என் காலி பாட்டிலைப் பார்த்தார். தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கை கொடுத்தார்.

பஸ்ஸிலும் பக்கத்துப் பக்கத்து இருக்கைதான். பாதி வழியில் அவர் போன் அடித்தது. என் போனில் சார்ஜ் தீர்ந்திருந்ததால் மனைவி அவரைக் கூப்பிட்டாள்.

"உன் வீட்டுக்காரர் தாண்டிட்டாரும்மா. என்னையே தோக்கடிச்சுட்டார். நல்லா ஆடினார்" என்று சொல்லிவிட்டு போனை என்னிடம் நீட்டினார்.

அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆட்டத்தைப் பற்றி இத்தனை வருஷத்தில் ஒரு கேள்வி கேட்காதவள், அன்றைக்குச் சந்தோஷத்தில் கேட்டாள்: "என்னங்க, கடைசியா எந்தக் காயை வெச்சு ஜெயிச்சீங்க?"

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"என்னங்க? லைன்ல இருக்கீங்களா?"

ஜன்னல் பக்கம் திரும்பியிருந்த மச்சான், மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.