கொசோவோ முத்திரை

“கோயிலு கீற ஊருக்கும் வேல கெடச்ச ஊருக்கும் நடுவுல எவ்ளோ தூரம் கீதுன்னு பாத்துச் சொல்றியா மெர்லின்?” என்று அண்ணன் ஃப்ரெடி குரோஷியாவிலிருந்து போனில் கேட்டான். மெர்லின் வரைபடத்தைப் பார்த்தாள். விடியற்காலை பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம் என்றாள். ரோடு நேராகத்தான் தெரிந்தது.

குரோஷியாவில் வெல்டிங் வேலை முடிந்து, செர்பியாவில் அதைவிட நல்ல வேலை ஃப்ரெடிக்குக் கிடைத்திருந்தது. தண்டையார்பேட்டை ஏஜென்ட் தமீம் பாய் வாங்கிக் கொடுத்தது. திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஆனால் அம்மா வியாகுலம்மாளின் பொருத்தனை ஒன்று இருந்தது. வேலை கிடைத்தால் அன்னை தெரசா பேரில் இருக்கும் பெரிய கோயிலில் மகன் மெழுகுவர்த்தி ஏற்றுவான் என்று வேண்டியிருந்தாள். அந்தக் கோயில் செர்பியாவுக்குப் பக்கத்தில், கொசோவோவில் இருந்தது.

“மொதல்ல வேலையில சேர்ந்துடறேன். லீவுல போய் ஏத்துறேன்மா.”

“தெரசாம்மாவுக்கே டிமிக்கி குடுக்குறியா? பொருத்தனைய முடிக்காம நம்ம வூட்ல எவன்டா புது வேலையில கை வெச்சான்? மொதல்ல மெழுவத்தி, அப்பால வெல்டிங்கு.”

ஃப்ரெடி விமானத்தில் கொசோவோ போய் இறங்கினான். ஞாயிறு பூசை பார்த்து, மெழுகுவர்த்தி ஏற்றி, படம் அனுப்பினான். வியாகுலம்மாள் அதை ராயபுரத்தில் தெரு முழுக்கக் காட்டினாள். மறுநாள் தமீம் பாயை மீன் குழம்புச் சாப்பாட்டுக்கு அழைத்தாள்.

பாய் சோற்றைப் பிசையும்போது போன் அடித்தது. வியாகுலம்மாள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“எம்மா, பார்டர்ல பஸ்லேருந்து எறக்கி வுட்டாங்கம்மா.”

“யார்ரா எறக்குனது? விசா கீதே!”

“செர்பியா போலீஸு. பாஸ்போர்ட்டுல கொசோவோ சீல பாத்துட்டான். அப்பிடி ஒரு நாடே இல்லன்றான். அதுவும் எங்க மண்ணுதான், எங்கள கேக்காம பின்பக்கமா பூந்துட்டன்றான்.”

குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த வியாகுலம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். “நாடே இல்லியா? அப்ப நீ பூச பாத்த கோயிலு எங்கடா கீது?”

“அதான்மா எனக்கும் புரியல. செர்பியா சரக்க கொசோவோக்காரன் உள்ள வுடறதில்லயாம். லாரியே நிக்குது, நீ இன்னா பெரிய இவனான்னு பஸ்காரன் சிரிச்சினே போய்ட்டான்.”

துறைமுகத்தில் கன்டெய்னர் மாட்டிக்கொண்டது என்று மெர்லின் தெருவில் பேசக் கேட்டிருக்கிறாள். மெழுகுவர்த்தி ஏற்றப்போன ஆள் மாட்டுவானா? கதவோரம் நின்றவள் வரைபடத்தை மறுபடி திறந்து பார்த்தாள்.

“இன்னாக்கா இது!” தமீம் பாய் பிசைவதை விட்டார். “மொதல்ல செர்பியா போய்ட்டு, அங்கேருந்து கோயிலுக்குப் போயிருந்தா ஒரு பேஜாரும் இல்ல. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா? அப்பிடியே திருப்பிப் போட்டுட்டீங்களே!”

வியாகுலம்மாள் பாய்க்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். முதலில் மெழுகுவர்த்தி என்று சொன்னது அவள்தான்.

“வேற நாடு வழியா சுத்தி வந்துடுவான் பாய். ரெண்டு நாளு பொறுக்கச் சொல்லுங்க. உங்க பேச்ச கேப்பாங்க.”

பாய் கையைக் கழுவிவிட்டுச் செர்பியா கம்பெனிக்குப் போன் போட்டார். எழுந்து நின்று, சார், சார் என்று இங்கிலீஷில் கெஞ்சினார். பிறகு கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். “அனதர் மேன் இன் ஹிஸ் பிளேஸ்? டுடே?” என்றார் கடைசியாக.

அம்மாவும் மகளும் அவர் வாயையே பார்த்தார்கள். பாய் போனைச் சட்டைப் பையில் போட்டார். பிசைந்த சோறு தட்டில் அப்படியே இருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்.