வெண்ணெய்க் கண், சுண்ணாம்புக் கண்

கதவு திறக்கப் போகிற நேரம், செல்லங்களே. வெளியே கூட்டம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றது. சின்ன மருமகளுக்கு இதுதான் முதல் ஓவியக் கண்காட்சி. கால் தரையில் பாவவில்லை. கூடம் முழுக்கப் புது மாதிரிப் படங்கள். ஒன்றில் கிட்டப் போனால் வெறும் புள்ளிகள், தள்ளி நின்றால் ஓடுகிற ஆறு. இன்னொன்றில் உருவமே இல்லை, சிவப்பு மட்டும் கொதித்தது. நடுச்சுவரில் அவள் வரைந்த மாமியார்: மூக்கு பக்கவாட்டில், வாய் நேராக, ஒரு கண் மஞ்சள், ஒரு கண் வெள்ளை.

அதுவரை வீட்டில் யாருக்கும் காட்டாத படம். மூத்த மருமகளின் கையைப் பிடித்தபடி மாமியார் உள்ளே வந்தார். மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்.

“ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா? நான் ஓரவஞ்சனை பண்றவள்னு ஊரைக் கூட்டிச் சொல்றியா? கழட்டு அதை.”

சின்னவளுக்கு உயிரே போய்விட்டது. நடுச்சுவர் காலியானால் கண்காட்சியே மூளி. படபடவென்று விளக்கினாள். இதற்குக் கியூபிசம் என்று பெயராம். ஒரே இடத்தில் நின்று பார்த்ததை மட்டும் வரையாமல், முன்னாலிருந்து பார்த்தது, பக்கத்திலிருந்து பார்த்தது எல்லாவற்றையும் ஒரே முகத்தில் அடுக்குவதாம். வெள்ளைக் கண் காலையில் ஜன்னலோரம் பார்த்தது, மஞ்சள் கண் விளக்கடியில் பார்த்தது. இரண்டில் எதையும் விட மனசு வரவில்லை என்றாள்.

சாக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று முணுமுணுத்த மாமியார், சட்டென்று மூத்தவளிடம் திரும்பி, நீயே சொல், நான் அப்படியா என்று கேட்டார். மூத்தவளுக்குப் பொய் வராது.

“கொஞ்சம் அப்படித்தான், அத்தை.”

“யார் பக்கம் சாயறேன்?”

“அவ பக்கம்” என்று இரண்டு மருமகள்களும் ஒரே மூச்சில் சொன்னார்கள், ஒருத்தியை ஒருத்தி கைகாட்டி.

மூத்தவள்தான் முதலில் சின்னவள் பக்கம் திரும்பினாள்.

“எனக்காடி? உன் படத்துக்கு நாள் பூரா ஆடாம உக்காந்தாங்க. என்கூட அஞ்சு நிமிஷம் உக்காந்திருப்பாங்களா?”

“வீட்டுச் சாவி யார்கிட்ட இருக்கு, அக்கா?”

மாமியாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்.

“ஆளுக்கொரு மாமியாரைப் பாத்திருக்கீங்களேடி. ரெண்டு மாமியாரும் ஒரே சுவத்துல இருந்துட்டுப் போகட்டும். கதவைத் திறங்க.”

கூட்டம் திமுதிமுவென்று நுழைந்தது. முதலில் வந்தவர் படத்தையும் அதன் பக்கத்தில் நின்றவரையும் மாறி மாறிப் பார்த்தார். மாமியார் அவர் வசதிக்காக முகத்தைக் கொஞ்சம் திருப்பிக் காட்டினார்.